நாட்காட்டியில் ஒரு நாள்: ஜூன் 24



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஜூன் மாத இன்னிசை மாலைக்கு அழைப்பிதழ் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "ஒரே நாளில் பிறந்த இருவர்" என்று தலைப்பிட்டேன். கவியரசு கண்ணதாசனும் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதனும் 1927-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று பிறந்தவர்கள் என்று எழுதி, அச்சடித்து, வீடு வீடாகக் கொடுத்தும் விட்டோம். விழா முடிந்து சிற்றுண்டி வழங்கும்போது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, ரெண்டு பேரும் ஒரே நாள் ஒரே வருஷம்னா யார் பெரியவங்க? கவிஞர்தான் மூத்தவர்னு எங்க பாட்டி சொல்றாங்களே!" என்றாள்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். பாட்டி சொன்னதே சரி. கவிஞர் பிறந்தது 1927. மெல்லிசை மன்னர் பிறந்தது 1928. தேதி ஒன்று, ஆண்டு வேறு. முப்பத்தொன்பது ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளங்களை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவன், ஒரு முழு ஆண்டைக் கோட்டை விட்டுவிட்டேன்! அந்தச் சிறுமிக்கு நான் பட்ட கடனை அடைக்கவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அந்தத் தேதியில் இசை உலகில் ஆண்டுக்கு ஆண்டு என்ன நடந்தது என்று பார்ப்பது எப்படி என்பதே பாடம். பெரியவர்கள் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்தால் மகிழ்வேன்.

முதலில் தேதிகள்

1927 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. அப்போதைய இராமநாதபுரம் மாவட்டத்தில், காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் சாத்தப்பனார் – விசாலாட்சி ஆச்சி தம்பதிக்கு மகனாகப் பிறந்தவர் முத்தையா. பின்னர் சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் என்றும் அழைக்கப்பட்டார். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கண்ணதாசன் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர்.

1928 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர் மனயங்கத் சுப்பிரமணியன் விஸ்வநாதன். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாத்தாவின் பராமரிப்பில் கண்ணூரில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். தாய்மொழி மலையாளம். பின்னாளில் ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்க்கும் பையனாகச் சேர்ந்து, எஸ்.எம்.சுப்பையா நாயுடு, சி.ஆர்.சுப்பராமன் ஆகியோரிடம் தொழில் கற்றார்.

இருவருக்கும் இடையே சரியாக 366 நாட்கள். 365 அல்ல, 1928 லீப் ஆண்டு, இடையில் ஒரு பிப்ரவரி 29 வந்துவிட்டது. நம் தமிழ் ஆண்டுக் கணக்கிலும் ஓர் அழகு இருக்கிறது. கவிஞர் பிறந்தது பிரபவ ஆண்டு ஆனி மாதம். மெல்லிசை மன்னர் பிறந்தது விபவ ஆண்டு ஆனி மாதம். அறுபது ஆண்டுச் சக்கரத்தில் முதலாவது பிரபவ, இரண்டாவது விபவ. குழந்தைகளே, அறுபது பெயர்களையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் அலுத்துக்கொள்வீர்கள். முதல் இரண்டையாவது இனி மறக்க மாட்டீர்கள்.

இது அதிசயமா?

"ஆண்டவன் போட்ட முடிச்சு" என்று மேடையில் பேசுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறிப்பிட்ட இருவருக்கு ஒரே தேதியில் பிறந்த நாள் வர வாய்ப்பு 365-ல் ஒன்று. அரிதுதான். ஆனால் ஒரு அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்! காரணம், 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடிகள் கிடைக்கும். 50 பேர் கூடினால் வாய்ப்பு நூற்றுக்கு 97. அடுத்த சங்கக் கூட்டத்தில் சோதித்துப் பாருங்கள்.

தமிழ்த் திரையிசையில் புகழ் பெற்ற கவிஞர்கள், இசையமைப்பாளர்கள், பாடகர்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தால், ஏதோ ஒரு ஜோடி இப்படி அமைந்தே தீரும். ஆகவே தேதி ஒத்துப்போனதில் வியப்பு குறைவு. ஒத்த தேதியில் பிறந்த அந்த இருவரே சுமார் முப்பது ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்களே, அதில்தான் வியப்பு. தேதி தற்செயல், உழைப்பு தற்செயல் அல்ல.

அதே தேதியில் வேறு யார்?

ஒரு தேதியைப் படிக்கும்போது நமக்குப் பிடித்தவர்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

1897 ஜூன் 24: குஜராத்தில் பிறந்தார் பண்டித ஓம்கார்நாத் தாக்கூர். விஷ்ணு திகம்பர் பலூஸ்கரின் சீடர். பின்னாளில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையை வளர்த்தவர். 1947 ஆகஸ்ட் 15 காலையில் அகில இந்திய வானொலியில் வந்தே மாதரம் பாடியவர் இவரே. சாஸ்திரிய இசைக்காரர்தான், ஆனாலும் அன்று காலை அவர் குரலைக் கேட்டது வானொலிப் பெட்டி இருந்த வீதியெல்லாம்.

1944 ஜூன் 24: இங்கிலாந்தில் கிடார் கலைஞர் ஜெஃப் பெக். 1965-ல் எரிக் கிளாப்டன் விலகிய இடத்தில் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்தவர். 2023 ஜனவரியில் மறைந்தார். 1947 ஜூன் 24: அதே இங்கிலாந்தில் டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பெயரில் பாதி அவருடையது. இந்த இரண்டு பெயர்களையும் எனக்குச் சொன்னவன் கிடார் கற்கும் என் பேரன். சொன்னவன் பேரன் என்பதற்காக விட்டுவிடவில்லை. சரிபார்த்தேன், சரியாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தி இசையமைப்பாளர் மதன் மோகன் பிறந்தது 1924 ஜூன் 25. ஆர்.டி.பர்மன் பிறந்தது 1939 ஜூன் 27. "அக்கம் பக்கம்தானே, சேர்த்துக்கொள்ளலாம்" என்று மனம் சொல்லும். கூடாது. 25 என்றும் 24 ஆகாது. அடுத்த ஸ்டேஷனில் நிற்கிற வண்டியை நம் பிளாட்பாரத்தில் நிற்பதாக அறிவிக்க முடியுமா?

ஆண்டுக்கு ஆண்டு ஜூன் 24

இனி அதே தேதியை ஆண்டுகளின் மேல் நகர்த்திப் பார்ப்போம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கவிஞரின் வயதையும் மெல்லிசை மன்னரின் வயதையும் குறித்துக்கொள்வோம்.

1949 (வயது 22, 21): இந்த ஆண்டில் வந்த ஜூபிடரின் "கன்னியின் காதலி" படத்தில்தான் கண்ணதாசனின் முதல் திரைப்பாடல். சோர்ந்த மனத்துக்குத் தைரியம் சொல்லும் பாட்டு. விஸ்வநாதன் அப்போது இன்னும் உதவியாளர்தான்.

1952 (வயது 25, 24): சி.ஆர்.சுப்பராமன் இந்த ஆண்டில் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் பாதியில் விட்ட வேலைகளை முடித்துக் கொடுத்தவர்கள் அவரது உதவியாளர்கள் விஸ்வநாதனும், வயலின் கலைஞர் டி.கே.ராமமூர்த்தியும். அந்த ஆண்டின் இறுதியில் இந்த இரட்டையரின் இசையில் "பணம்" வந்தது. இயக்கியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். தயாரித்தவர் கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன். இசை இரட்டையரின் தொடக்கத்திலேயே கவிஞரின் குடும்பம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

1961 (வயது 34, 33): மார்ச்சில் "பாவமன்னிப்பு", மே மாதம் "பாசமலர்", செப்டம்பரில் "பாலும் பழமும்". மூன்றையும் இயக்கியவர் பீம்சிங். மூன்றிலும் நாயகர் சிவாஜி. மூன்றிலும் கண்ணதாசன் வரிகள். மூன்றுக்கும் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. ஒரே ஆண்டில்! அந்த ஜூன் 24-ல் "பாசமலர்" திரைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதில் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தைக்குப் பாடும் தாலாட்டைக் கேட்டு அழாத குடும்பம் இல்லை.

1965 (வயது 38, 37): "ஆயிரத்தில் ஒருவன்" வந்தது ஜூலை மாதம். இரட்டையர் சேர்ந்து இசையமைத்தது அதோடு நின்றது, பிரிந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1963-ல்தான் சென்னையில் பாராட்டு விழா நடத்தி, சிவாஜி கணேசன் கையால் "மெல்லிசை மன்னர்கள்" என்ற பட்டம் பெற்றிருந்தார்கள். மீண்டும் இணைந்தது 1995-ல், "எங்கிருந்தோ வந்தான்" படத்தில்.

1975 (வயது 48, 47): ஆகஸ்டில் "அபூர்வ ராகங்கள்". இதன் பாடலுக்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவர் வேலூரில் பிறந்து, மணமாகி பம்பாய்க்கு வந்தபின் 1971-ல் "குட்டி" என்ற இந்திப் படத்தின் மூலம் புகழ் பெற்றவர். நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பத்தின் பெண்! கவிஞரின் சொல்லையும் மெல்லிசை மன்னரின் மெட்டையும் அவர் குரல் நாடெங்கும் கொண்டு போயிற்று.

1979 (வயது 52, 51): "நினைத்தாலே இனிக்கும்". சிங்கப்பூர் செல்லும் இளைஞர் இசைக்குழுவின் கதை. ஐம்பதைக் கடந்த இருவர் இருபது வயதுக்காரர்களுக்குப் பாட்டு அமைத்தார்கள். இருபது வயதிலிருந்த நாங்கள் அதைப் பாடிக்கொண்டு திரிந்தோம்.

1981 (வயது 54, 53): இருவரும் உயிரோடிருந்த கடைசி ஜூன் 24. அந்த ஆண்டில் தமிழன்பர்களின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்ற கவிஞர், அங்கே நோய்வாய்ப்பட்டு அக்டோபர் 17 அன்று சிகாகோவில் காலமானார்.

1982 முதல் 2015 வரை கவிஞர் இல்லாமல் மெல்லிசை மன்னர் கண்ட பிறந்த நாட்கள் 34. அவற்றில் கடைசி, 2015 ஜூன் 24, எண்பத்தேழாவது. இருபதே நாட்களில், ஜூலை 14 அன்று அவரும் மறைந்தார். பத்ம விருது எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சொல்லும் மெட்டும்

இருவரும் வேலை செய்த முறையைக் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சில சமயம் பாட்டு முதலில் எழுதப்படும், அதற்கு மெட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தில் வாசித்துத் தத்தகாரமாகப் பாடிக் காட்டுவார். கவிஞர் கேட்டுவிட்டு வாயால் சொல்லச் சொல்ல, பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இதில் என்ன கஷ்டம்? ஒரு சின்னச் சோதனை. மெட்டு "தானா தனனா" என்று வருகிறது. "ஓடும் ரயிலே" என்று பாடிப் பாருங்கள். ஓ-டும், ர-யி-லே. அச்சாகப் பொருந்துகிறது. இப்போது "ஓடும் வண்டி" என்று பாடுங்கள். பொருள் அதேதான்; ஆனால் முடிவில் தாளம் காலியாகத் தொங்குகிறது. ஒவ்வொரு இடத்திலும் குறிலா நெடிலா என்று பார்த்து, பொருளும் கெடாமல், கதையும் விலகாமல், கேட்பவர் மனத்தில் தைக்கும்படியும் சொல் போட வேண்டும். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். ஒன்று சற்று விலகினாலும் வண்டி இறங்கிவிடும். கண்ணதாசன் – எம்.எஸ்.வி. பாட்டில் அந்த அளவு தவறுவதை நான் கண்டதில்லை.

ஒரு பாட்டுக்கு எத்தனை தேதி?

மனிதருக்குப் பிறந்த தேதி ஒன்று. பாட்டுக்கு அப்படியல்ல. எழுதிய தேதி, ஒலிப்பதிவுத் தேதி, இசைத்தட்டு வெளியான தேதி, படம் வெளியான தேதி, வானொலியில் முதலில் ஒலித்த தேதி என்று ஐந்தாவது உண்டு. "இந்தப் பாட்டு எப்போது வந்தது?" என்று கேட்டால், "எந்தத் தேதியைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். "மூன்றாம் பிறை" திரைக்கு வந்தது 1982 பிப்ரவரி 19. அதில் இளையராஜா இசையில் வரும் தாலாட்டு கண்ணதாசன் எழுதியது. அவருடைய கடைசித் திரைப்பாடல் என்று சொல்லப்படுவது. படத்தின் தேதியை மட்டும் பார்த்தால், இறந்து நான்கு மாதம் ஆனவர் பாட்டு எழுதினார் என்றாகிவிடும்!

மனிதர் விஷயத்திலும் எழுத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று எண்ண வேண்டாம். என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் பிறந்த தேதி ஜூன் 1. நான் பிறந்ததோ ஆவணி மாதம். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமையாசிரியர் போட்ட தேதி அது. அதை வைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன், அதை வைத்துத்தான் ஓய்வு பெற்றேன். ஆகவே எந்தத் தேதியையும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் சரிபாருங்கள். சென்ற ஆண்டு நான் அதைச் செய்யவில்லை.

டிராலியில் கற்ற பாடம்

1980-ல் டிப்ளமா முடித்த கையோடு ரயில்வேயில் சேர்ந்தேன். இட்டார்சிக்கும் நாகபுரிக்கும் நடுவே, மலைப் பகுதியில் முதல் போஸ்டிங். தமிழ் பேச ஆள் கிடையாது. புஷ் டிராலியில் பாதையைப் பார்வையிடப் போகும்போது நான் பாடிக்கொண்டே போவேன். டிராலி தள்ளும் நால்வருக்கும் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் சில மாதங்களில் மெட்டு அவர்கள் வாயிலும் வந்துவிட்டது.

1981 அக்டோபரில் ஒரு நாள் காலை டிரான்சிஸ்டரில் தமிழ்ச் செய்தி கேட்டேன். அன்று டிராலியில் வாய் திறக்கவில்லை. "சாஹேப், இன்று பாட்டு இல்லையா?" என்று மூத்த டிராலிமேன் இந்தியில் கேட்டார். "பாட்டை எழுதியவர் இறந்துவிட்டார்" என்றேன்.

"பாடியவரா?"

"இல்லை. மெட்டுப் போட்டவரும் இல்லை. சொல் எழுதியவர்."

அவர் சற்று நேரம் பேசாமல் தள்ளினார். பிறகு சொன்னார்: "மெட்டுப் போட்டவரை எனக்குத் தெரியும், சாஹேப். தினம் பாடுகிறேனே. இவரை எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லவே இல்லையே."

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் என்னை விடவில்லை. மெட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், சொல்லுக்கு வேண்டும். இன்று நம் சங்கத்துக் குழந்தைகள் மேடையில் அந்தப் பாட்டுகளை ஸ்ருதி தவறாமல் பாடுகிறார்கள். வரிகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். இறங்கி வந்ததும் "இதற்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். மெல்லிசை மன்னரை அவர்களுக்குத் தெரியும். கவியரசைத் தெரியாது. குற்றம் அவர்கள் மேல் இல்லை, நாம்தான் சொல்லவில்லை.

இன்னொன்று. நம் கூட்டம் ஒவ்வொன்றும் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகிறது. எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரனார். 1970-ல் தமிழக அரசு விழாக்களுக்குரிய பாடலாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் மாநிலப் பாடலானது. மோகன ராகத்தில் அதற்கு இசையமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். மலையாளம் பேசும் வீட்டில் பிறந்த பிள்ளை போட்ட மெட்டில்தான் உலகத் தமிழர் எல்லாம் எழுந்து நிற்கிறோம். பிற மொழிச் சூழலில் வளரும் குழந்தைக்குத் தமிழ் வராது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் பிறந்த தேதியை ஒரு தாளின் தலைப்பில் எழுதுங்கள். அந்தத் தேதியில் பிறந்த அல்லது மறைந்த இசைக் கலைஞர்கள் மூவரைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களில் சரிபாருங்கள்.

2. முந்தைய நாள், அடுத்த நாள் சேர்க்கக் கூடாது.

3. தாத்தா பாட்டிக்குப் பிடித்த கண்ணதாசன் பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படத்தின் பெயர், ஆண்டு, இசை, குரல் ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்.

4. அந்தப் பாட்டில் பொருள் தெரியாத ஐந்து சொற்களைக் கேட்டு, பொருளும் எழுதுங்கள். இந்தப் பயிற்சிக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஜூன் 24 அன்று தொலைக்காட்சியை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். ஒரு வீட்டில் ஒரு பாட்டு போதும்.

சென்ற ஆண்டு அழைப்பிதழை வைத்திருப்பவர்கள் 1927 என்பதைக் கவிஞருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மெல்லிசை மன்னருக்கு 1928 என்று பேனாவால் திருத்திக்கொள்ளவும். இந்தக் கட்டுரையிலும் பிழை ஏதும் கண்டால் ஆசிரியருக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் நன்றியோடு திருத்திக்கொள்வேன். கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கும், அவளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்த பாட்டிக்கும் என் வணக்கம்.